வைட்டமின் டி குறைவு, அழற்சி, ரத்தக் கொழுப்பு: எதை முதலில் சரிசெய்வது?

ஒரே ரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் டெசிலிட்டருக்கு 165 மில்லிகிராம், வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம், அழற்சியைக் காட்டும் சிஆர்பி லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று மூன்று எண்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எண் கூடுதல், இரண்டாவது குறைவு, மூன்றாவதும் கூடுதல். இதைப் பார்ப்பவருக்கு உடனே ஒரு விளக்கம் தோன்றும்: வைட்டமின் டி குறைந்ததால் அழற்சி கூடியது, அழற்சியும் கொழுப்பும் சேர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரைக் கெடுக்கின்றன, ஆகவே வைட்டமின் டி அளவை ஏற்றிவிட்டால் மற்றவை தாமாகவே இறங்கும். இந்தச் சங்கிலியில் நடுக்கண்ணி மட்டுமே உறுதியானது. கொழுப்பும் அழற்சியும் சேர்ந்தே ரத்தக்குழாயைப் பாழாக்குகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் அந்த அளவுக்குத் தாங்குவதில்லை. எந்த வழியை முதலில் எடுப்பது, எதைத் துணையாக வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிவைப்பது என்ற முடிவு இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைய வேண்டும்.

இந்த மூன்றுக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தோலில் இருக்கும் 7-டிஹைட்ரோகொலஸ்டிரால் என்ற ஒரே பொருளிலிருந்துதான் உடல் ஒரு பக்கம் கொலஸ்டிராலையும், சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர் பட்டால் மறுபக்கம் வைட்டமின் டி3-யையும் உண்டாக்குகிறது. மேக்ரோபேஜ் போன்ற நோயெதிர்ப்பு அணுக்களில் வைட்டமின் டி ஏற்பிகள் இருக்கின்றன. அந்த அணுக்களே வைட்டமின் டி-யை அதன் செயல்படும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வல்லவை. ஆய்வகத்தில் அணுக்களை வளர்த்து வைட்டமின் டி கொடுத்தால், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் ஆகிய புரதங்களின் உற்பத்தி குறைவதும், அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10 கூடுவதும் பல முறை காணப்பட்டிருக்கின்றன. மக்களை அளந்து பார்த்தாலும் வைட்டமின் டி குறைந்தவர்களிடம் ரத்தக் கொழுப்பின் மற்றொரு வகையான டிரைகிளிசரைடு கூடுதலாகவும் 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்டிஎல் குறைவாகவும் சிஆர்பி கூடுதலாகவும் இருக்கும் போக்கு தென்படுகிறது.

ஆனால் சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது வேறு. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. உடல் பருமன் கூடும்போது அது கொழுப்புத் திசுக்களில் பரவித் தங்கிவிடுவதால் ரத்தத்தில் அதன் அளவு இறங்குகிறது. அதே வயிற்றுக் கொழுப்புதான் இன்டர்லூக்கின்-6-ஐ வெளியிட்டுக் கல்லீரலைத் தூண்டி சிஆர்பி-யைக் கூட்டுகிறது, டிரைகிளிசரைடையும் ஏற்றுகிறது. அதாவது ஒரே வேரிலிருந்து மூன்று கிளைகள் கிளம்பியிருக்க, ஒரு கிளையை மற்றொன்றின் காரணமாக நாம் படித்துவிட வாய்ப்பிருக்கிறது. வெளியில் நடமாட முடியாத நோயாளிக்கு வெயில் கிடைப்பதில்லை. உடற்பயிற்சி இல்லாதவருக்கும் அப்படியே. இன்னொரு சிக்கலும் உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை: அறுவை சிகிச்சைக்குப் பிறகோ கடும் தொற்றின்போதோ அழற்சி எழும்பினால், ரத்தத்தில் வைட்டமின் டி-யைச் சுமக்கும் புரதமும் சேர்ந்து குறைவதால் அளவிடப்படும் வைட்டமின் டி இறங்குகிறது. அப்போது அழற்சிதான் காரணம், குறைவு அதன் விளைவு. காய்ச்சலில் இருக்கும்போது எடுத்த ரத்தத்தில் வைட்டமின் டி குறைந்திருப்பதைக் கண்டு காய்ச்சலுக்கே அதுதான் காரணம் என்று முடிவு கட்டுவது, குடை நனைந்திருப்பதால் மழை வந்தது என்பதைப் போன்றது.

இந்தப் பின்னணியோடு முதல் வழியைப் பார்க்கலாம். இதய நலனுக்காகவும் அழற்சியைக் குறைப்பதற்காகவும் வைட்டமின் டி-யையே முதன்மை மருந்தாகக் கொள்வது என்பது அந்த வழி. மாத்திரை எளிது, பக்கவிளைவு குறைவு, 'இயற்கையானது' என்ற பெயரும் உண்டு என்பதால் இதன்பால் ஈர்ப்பு அதிகம். ஆனால் பெரிய மருத்துவச் சோதனைகள் தந்த விடை வேறு. அமெரிக்காவில் 25,871 பேரைச் சேர்த்து நடந்த வைட்டல் ஆய்வில் ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 2,000 யூனிட் வைட்டமின் டி3-யும் மறுபாதியினருக்கு மருந்தில்லாத மாத்திரையும் தரப்பட்டன. 2018-இல் வெளியான முடிவின்படி, நடுவளவாக 5.3 ஆண்டுகள் கவனித்ததில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்த பெரும் நிகழ்வுகள் வைட்டமின் குழுவில் 396 பேருக்கும் மற்ற குழுவில் 409 பேருக்கும் நேர்ந்தன. இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்றே சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு மாதம் ஒரு முறை 1,00,000 யூனிட் தந்து 2017-இல் முடிவை வெளியிட்ட விடா ஆய்விலும் இதய நோய் குறையவில்லை. ஆஸ்திரேலியாவின் டி-ஹெல்த் ஆய்வு 60 வயதைக் கடந்த 21,315 பேரைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு மாதம் 60,000 யூனிட் தந்தது. 2023-இல் வெளியான அதன் இதய நோய் முடிவில் பெரும் நிகழ்வுகள் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்திருந்தன, ஆனால் புள்ளியியல் வரம்பு 'பயனில்லை' என்ற கோட்டைத் தொட்டே நின்றது. நம் கேள்விக்கு நெருக்கமான ஒரு குறிப்பு அதில் இருக்கிறது: ஆய்வின் தொடக்கத்திலேயே கொழுப்பைக் குறைக்கும் மருந்தான ஸ்டேட்டின் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் பயன் சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்ற சாயல் தென்பட்டது. உட்குழு ஒன்றில் தெரியும் சாயலை வைத்து மருந்து எழுதுவது சரியல்ல, எனினும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. அந்தப் பயன் உண்மையே ஆனாலும் அது ஸ்டேட்டினோடு சேர்ந்து கிடைத்தது, ஸ்டேட்டினுக்குப் பதிலாக அல்ல.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். வைட்டல் ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வைட்டமின் டி அளவு தொடக்கத்திலேயே 30 நானோகிராமை ஒட்டி இருந்தது. வயிறு நிறைந்தவருக்குச் சோறு போட்டுவிட்டு, சோறு பசியைத் தீர்ப்பதில்லை என்று முடிவு சொல்லலாமா? மறுப்பில் வலு இருக்கிறது. அதனால்தான் உண்மையாகவே குறைவுள்ளவர்களை மட்டும் சேர்த்த சிறிய ஆய்வுகளுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. 2012-இல் வெளியான அத்தகைய ஆய்வு ஒன்றில் வைட்டமின் டி 20 நானோகிராமுக்குக் குறைவாக இருந்த 151 பேருக்கு எட்டு வாரங்கள் வாரம் 50,000 யூனிட்டோ மருந்தில்லாத மாத்திரையோ தரப்பட்டது. வைட்டமின் அளவு நன்றாகவே ஏறியது. கொழுப்பு அளவுகள் மேம்படவில்லை. சிஆர்பி விஷயத்தில் படம் இன்னும் கலங்கலானது: சில ஆய்வுகள் சிறு இறக்கத்தைக் காட்டுகின்றன, சில எதையும் காட்டவில்லை; பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாலும் கிடைக்கும் மாற்றம் சிறிது. ஆகவே வைட்டமின் டி-யைக் கொழுப்புக்கான மருந்தாகக் கொள்வதை நான் தெளிவாகவே நிராகரிப்பேன். அழற்சிக்கான மருந்தாகக் கொள்வதை, ஆதாரம் போதாது என்ற அளவில் ஒத்திவைப்பேன்.

இரண்டாவது வழி, கொழுப்பையே நேரடியாகக் குறைப்பது. இதில் வியப்பான செய்தி, அழற்சியையும் சேர்த்துக் குறைக்கும் மருந்தாக நன்றாக நிரூபணமானது ஸ்டேட்டின்தான். 2008-இல் வெளியான ஜுபிட்டர் ஆய்வு 17,802 பேரைத் தேர்ந்தெடுத்தது; அவர்களின் எல்டிஎல் 130 மில்லிகிராமுக்குக் குறைவு, ஆனால் சிஆர்பி 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ. நாள்தோறும் 20 மில்லிகிராம் ரோசுவாஸ்டேட்டின் எடுத்துக்கொண்டவர்களிடம் எல்டிஎல் 50 விழுக்காடும் சிஆர்பி 37 விழுக்காடும் குறைந்தன. இதய நிகழ்வுகள் 44 விழுக்காடு குறைந்ததால் ஆய்வே நடுவளவாக 1.9 ஆண்டுகளில் முன்கூட்டி நிறுத்தப்பட்டது. முன்கூட்டி நிறுத்திய ஆய்வுகள் பயனைச் சற்று மிகைப்படுத்திக் காட்டக்கூடும் என்ற குறையும், நீரிழிவு கண்டறியப்படுவது மருந்துக் குழுவில் சிறிது கூடியது என்ற உண்மையும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை. அவற்றைக் கழித்த பிறகும், ஒரே மாத்திரையால் இரண்டு எண்களும் இறங்கி, நோயும் குறைந்தது என்பதற்கு ஈடான சான்று வைட்டமின் டி பக்கத்தில் இல்லை. எண் இறங்குவது மட்டும் போதாது. எண்ணோடு சேர்ந்து நோயும் இறங்க வேண்டும் என்ற அளவுகோலை எல்லா வழிகளுக்கும் ஒரே மாதிரி பிடித்துப் பார்த்தால் இந்த இடைவெளி தெளிவாகத் தெரியும்.

அழற்சியை மட்டும் தனியாகக் குறிவைக்கும் வழி மூன்றாவது. அது வெறும் கனவு அல்ல என்று 2017-இல் கேன்டோஸ் ஆய்வு காட்டியது: ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சிஆர்பி-யும் கூடுதலாக இருந்த 10,061 பேரில், அழற்சிப் பாதை ஒன்றை அடைக்கும் கானாகினுமாப் ஊசியை 150 மில்லிகிராம் அளவில் பெற்றவர்களுக்கு எல்டிஎல் மாறாமலேயே இதய நிகழ்வுகள் 15 விழுக்காடு குறைந்தன, ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. மறுபுறம், மூட்டு நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டைச் சிறு அளவில் தந்து பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில் அழற்சிக் குறியீடுகளும் இறங்கவில்லை, நோயும் குறையவில்லை. கீல்வாதத்துக்கான பழைய மருந்தான கோல்ச்சிசின் நாள்தோறும் 0.5 மில்லிகிராம் என்ற சிறு அளவில் இரண்டு ஆய்வுகளில், 2019-இலும் 2020-இலும், முறையே 23, 31 விழுக்காடு பயன் தந்தது. 2023-இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதற்கு ஒப்புதல் அளித்தது. இவை எல்லாம் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியவை; கொழுப்பு மட்டும் கூடியிருக்கும் ஒருவரின் முதல் தெரிவுகள் அல்ல. எந்த அழற்சிப் பாதையை அடைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது என்பதுதான் இவற்றிலிருந்து நமக்கு வேண்டிய பாடம். 'அழற்சியைக் குறைக்கும்' என்ற பொதுச்சொல் வைட்டமின் டி புட்டியின் மேல் அச்சிடப்பட்டிருப்பதால் அது கேன்டோஸ் கண்ட பயனைத் தரும் என்று எண்ண இடமில்லை.

உடல் எடையையும் உடலுழைப்பையும் தொடும் நான்காவது வழிதான் மூன்று எண்களுக்கும் பொதுவான வேரைத் தொடுகிறது. வயிற்றுக் கொழுப்பு குறையும்போது டிரைகிளிசரைடும் சிஆர்பி-யும் இறங்குகின்றன, வைட்டமின் டி அளவு தானே சிறிது ஏறுகிறது. வெளியில் நடந்தால் வெயிலும் கிடைக்கிறது. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து காயும் வெயில் இதற்கு உதவாது, ஏனெனில் வைட்டமின் டி-யை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. இந்த வழியின் குறை எல்லோரும் அறிந்ததே: பரம்பரையாக எல்டிஎல் மிக உயர்ந்திருப்பவருக்கு நடைப்பயிற்சி மட்டும் போதாது, தொடங்கியவர்கள் பலர் தொடர்வதும் இல்லை. எனவே இதை மருந்துக்கு மாற்றாக நிறுத்தாமல் எல்லா வழிகளுக்கும் அடித்தளமாக வைப்பதே பொருத்தம்.

எஞ்சுவது ஐந்தாவது வழி: கொழுப்புக்கு உரிய சிகிச்சையை அதன் போக்கில் நடத்திக்கொண்டு, வைட்டமின் டி குறைவை ஒரு தனிக் குறைவாகவே கருதி, எலும்புக்காகவும் தசைக்காகவும் மிதமான அளவில் சரிசெய்வது. நான் பரிந்துரைப்பது இதையே. ஆனால் 'குறைவு' என்பதை எங்கே தொடங்குவது என்பதில் அறிஞர் அமைப்புகளே ஒன்றுபடவில்லை. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2010 இறுதியில் 20 நானோகிராம் பெரும்பாலோருக்குப் போதும் என்றது. 2011-இல் ஹார்மோன் துறை மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 20-க்குக் கீழ் குறைபாடு, 30-ஐ எட்டினால்தான் நிறைவு என்றது. பல ஆய்வகங்கள் இந்த இரண்டாவது கோட்டையே அறிக்கையில் அச்சிட்டுவிட்டதால், 24 நானோகிராம் உள்ள ஒருவர் ஒரு கணக்கில் நலமானவர், மற்றொரு கணக்கில் நோயாளி. 2024-இல் அதே எண்டோகிரைன் சொசைட்டி தன் பழைய 30 என்ற இலக்கை வலியுறுத்துவதை விட்டுவிட்டது. நலமாக இருக்கும் வயது வந்தோருக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றும் சொன்னது. அச்சிட்ட அறிக்கைகள் இன்னும் பழைய கோட்டிலேயே நிற்கின்றன. எனவே 14 நானோகிராம் உள்ளவர் சரிசெய்துகொள்ள வேண்டியவர் என்பதில் ஐயமில்லை. 24 உள்ளவர் அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. அறிக்கை எண்ணை லிட்டருக்கு நானோமோல் என்ற அலகில் தந்திருந்தால், அதை 2.5-ஆல் வகுத்தே ஒப்பிட வேண்டும். 50 நானோமோல் என்பது 20 நானோகிராம்தான். இந்த அலகுக் குழப்பத்தில் மட்டுமே நலமானவர் நோயாளியாவதும் நோயாளி நலமானவராவதும் உண்டு.

அளவைப் பொறுத்தவரை, 70 வயது வரையிலான பெரியவர்களுக்கு நாள்தோறும் 600 யூனிட், அதற்கு மேற்பட்டோருக்கு 800 யூனிட் என்பது இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வகுத்த அன்றாடத் தேவை. தானாக எடுத்துக்கொள்ள 4,000 யூனிட் மேல்வரம்பு. ஆழமான குறைவு இருந்தால் மருத்துவர் சில வாரங்களுக்கு வாரம் 50,000 யூனிட் போன்ற பெரிய அளவை எழுதிவிட்டுப் பிறகு சிறிய அன்றாட அளவுக்கு இறக்குவது வழக்கம். நாள்தோறும் சிறிதாக எடுப்பதா, மாதமோ ஆண்டோ ஒரு முறை பெரிதாக எடுப்பதா என்ற தெரிவில் நான் தயங்காமல் முதலாவதையே சொல்வேன். 2010-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், 70 வயதைக் கடந்த 2,256 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5,00,000 யூனிட் தரப்பட்டது. எலும்பைக் காக்க என்று கொடுத்த மருந்தால் அவர்கள் விழுவதும் எலும்பு முறிவதும் கூடின. ரத்தத்தில் 150 நானோகிராமைத் தாண்டினால் கால்சியம் ஏறி, வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு என்று போகும் நச்சுநிலை உண்டாகலாம். கொழுப்பில் கரைவது என்பதால் கூடுதலானது சிறுநீரில் எளிதாக வெளியேறிவிடாது; இதை நீரில் கரையும் வைட்டமின்களோடு ஒப்பிட்டு, கூடினாலும் தீங்கில்லை என்று எண்ணுவது தவறு.

ஸ்டேட்டின் எடுப்பவர்களிடையே இன்னொரு காரணமும் வைட்டமின் டி-யை நோக்கி இழுக்கிறது: தசை வலி. வைட்டமின் டி குறைவால்தான் ஸ்டேட்டின் எடுக்கும்போது தசை வலிக்கிறது, அதை ஏற்றினால் வலி போய்விடும் என்ற கருத்து பரவலாக உண்டு. வைட்டல் ஆய்வுக் காலத்தில் புதிதாக ஸ்டேட்டின் தொடங்கிய 2,083 பேரிடம் இதைப் பார்த்தபோது, வைட்டமின் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இரு தரப்பிலும் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் தசைத் தொல்லையைச் சொன்னார்கள். வேறுபாடு இல்லை. வலி வந்தால் மருந்தின் அளவைக் குறைப்பது, வேறு ஸ்டேட்டினுக்கு மாறுவது, எசெட்டிமைப் போன்ற வேறு வகைக் கொழுப்பு மருந்தைச் சேர்ப்பது ஆகியவையே மருத்துவரோடு பேச வேண்டியவை. கடும் குறைபாடு தானே தசை வலியைத் தரக்கூடும் என்பதால் அந்த நிலையில் அளந்து பார்ப்பதில் பொருள் உண்டு. ஆனால் ஸ்டேட்டினை நிறுத்திவிட்டு வைட்டமினை மட்டும் வைத்துக்கொள்வது இந்தக் கட்டுரையில் ஒப்பிட்டவற்றுள் மிகக் கேடான பரிமாற்றம்.

சேர்த்து எடுக்கும்போது மருந்துகளின் நேரமும் கணக்கில் வரும். பித்த அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் கொலஸ்டிரமின் போன்ற கொழுப்பு மருந்துகளும், எடை குறைக்கும் ஆர்லிஸ்டாட்டும் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். கொலஸ்டிரமின் எடுப்பவர் வைட்டமின் டி-யை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ எடுத்துக்கொள்ள வேண்டும். சிறிது கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் வைட்டமின் டி நன்றாக உறிஞ்சப்படும் என்பதற்காக நெய்யும் எண்ணெயும் கூட்டத் தேவையில்லை. அன்றைய முதன்மை உணவே போதும்.

கடைசியாக, முடிவெடுக்கும் முன் எண்களே நம்பத்தக்கவையா என்று பார்க்க வேண்டும். சிஆர்பி 1-க்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் கூடுதல் என்பது வழக்கமான பகுப்பு. 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தொற்று, காயம் போன்ற தற்காலிகக் காரணம் இருக்கும். சளி, பல்வலி, தடுப்பூசி எதுவும் இல்லாத நிலையில் இரண்டு வார இடைவெளியில் இரு முறை அளந்த பிறகே அதைக் கணக்கில் எடுப்பது நல்லது. டிரைகிளிசரைடு 400 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கணக்கிட்டுத் தரும் எல்டிஎல் எண்ணை நம்ப முடியாது, அதை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். டிரைகிளிசரைடு மிகுந்து கலங்கிய ரத்த மாதிரி வேறு சில பரிசோதனைகளையும் குழப்பக்கூடும். இவற்றைச் சரிபார்த்த பின், ஸ்டேட்டின் தொடங்கியவருக்கு நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களில் கொழுப்பையும், வைட்டமின் டி தொடங்கியவருக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களில் அதன் அளவையும் மறுபடி பார்ப்பது முறை. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கியிருந்து சிஆர்பி-யும் இறங்கியிருந்தால், அந்த இறக்கத்தை எதன் கணக்கில் எழுதுவது என்பது அறிக்கையைப் பார்த்துத் தெரியாது. ஆனால் ஸ்டேட்டின், எடைக் குறைவு ஆகியவற்றின் கணக்கில் எழுதுவதற்குத்தான் கூடுதல் நியாயம் இருக்கிறது.